கிளியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது

கேள்வி: தஞ்சை மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே இறக்கை ஒடிந்த ஒரு பச்சைக்கிளியை என் மாமனார் எடுத்து வந்தார். மஞ்சள் தடவி, பால்சோறு ஊட்டிப் பிழைக்க வைத்தோம். இரண்டு வருடம் கழித்துக் கழுத்தில் வளையம் வந்த பிறகுதான் ஆண் கிளி என்றே தெரிந்தது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். சென்ற மாதம் சாக்கடைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர், “கிளி வளர்ப்பது குற்றம், ஃபாரஸ்ட் ஆபீசில் சொல்லி உள்ளே தள்ளுகிறேன் பார்” என்று மிரட்டிவிட்டுப் போனார். உண்மையிலேயே குற்றமா? மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளி இருக்கிறதே? லைசென்ஸ் வாங்க வழி உண்டா? கோயில் தோப்பில் பறக்க விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். வீட்டில் ஒரு நட்சத்திர ஆமையும் இருக்கிறது. அதிர்ஷ்டம் என்று சொல்லி, மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் தெரிந்தவரிடம் வாங்கியது. அதைக் கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு கிளியைப் பற்றியது; ஆமையைக் கடைசியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். சட்டத்தின் தராசில் இந்த இரண்டின் எடையும் நேர்மாறானது. ஆகவே மற்ற எதையும் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆமையைக் குளத்தில் விடாதீர்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழும் பிராணி. முட்புதரும் வறண்ட புல்லும் உள்ள மேட்டு நிலமே அதன் வீடு. அதற்கு நீந்தத் தெரியாது. படிக்கட்டு வைத்துக் கட்டிய ஆழமான குளத்தில் விட்டால் மேலே ஏறி வர வழியின்றி மூழ்கிச் செத்துப்போகும். புண்ணியம் என்று நினைத்து இப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆம், பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம்தான். உங்கள் வீட்டில் இருப்பதைப் பறவை ஆர்வலர்கள் செந்தார்ப் பைங்கிளி என்பார்கள். இரண்டு வருடம் கழித்து அதன் கழுத்தில் வந்த அந்த வளையம்தான் செந்தார். இது இந்தியக் காடுகளுக்கும் வயல்வெளிகளுக்கும் உரிய பறவை. எந்த உயிரினத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணைகளாக வகுத்திருக்கிறது. இந்தக் கிளி முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது; 2022-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்தபோது இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே ‘புதிதாக ஏதோ சட்டம் போட்டுவிட்டார்கள்’ என்று ஊரில் சொல்வது சரியல்ல. நீங்கள் கிளியை எடுத்து வந்த 2018-லும் அது பாதுகாக்கப்பட்ட பறவையாகவே இருந்தது.

இந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் பல சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும். சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்டாலும், கூண்டில் வைத்து வளர்க்கப்பட்டாலும், கூண்டிலேயே குஞ்சு பொரித்தாலும், அந்த வன உயிரினம் மாநில அரசின் சொத்து என்கிறது அந்தப் பிரிவு. அரசின் சொத்து ஒருவர் கைக்கு வந்தால், வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்து, அவர்கள் கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் மாமனார் புயலுக்கு மறுநாள் அடிபட்ட பறவையைக் கையில் எடுத்தது குற்றமல்ல. எடுத்திராவிட்டால் அன்று மாலைக்குள் காகமோ பூனையோ அதை முடித்திருக்கும். குற்றம் தொடங்கியது அந்த 48 மணி நேரம் கழிந்த பிறகுதான். மின்சாரம் இல்லாமல், குடிதண்ணீருக்கே வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்த வாரத்தில் யார் வனத்துறையைத் தேடிப் போயிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நீதிமன்றத்திலும் நான் இதைச் சொல்வேன். ஆனால் அது அந்த வாரத்துக்கும் அதற்கடுத்த மாதத்துக்கும் பதிலாகுமே தவிர, இத்தனை ஆண்டுகளுக்கும் பதிலாகாது.

‘காப்பாற்றி வளர்த்தோம், துன்புறுத்தவில்லை’ என்பது உங்கள் கடிதம் முழுவதும் ஓடும் வாதம். உங்கள் அன்பை நான் ஒரு கணமும் ஐயுறவில்லை. ஆனால் அன்பு சட்டத்தில் உரிமம் ஆகாது. உத்தரப் பிரதேசத்தில் ஓர் இளைஞர் வயலில் அடிபட்டுக் கிடந்த சாரசு கொக்கு ஒன்றைக் குணப்படுத்தினார். கூண்டில் அடைக்காமலே அது அவரோடு தங்கிவிட்டது. அவர் வண்டியில் போனால் பின்னாலேயே பறந்து வந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அந்தப் பறவையைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனது. பின்பு அது கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. காப்பாற்றியவருக்கு இதே சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்தது. நாடெங்கும் பலர் வருந்தினார்கள், நானும் வருந்தினேன். ஆனாலும் சட்டம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சைக்கிளி பனையிலும் தென்னையிலும் முதிய மரங்களிலும் உள்ள பொந்துகளில் முட்டையிடும் பறவை. நம் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை பொந்துகளில் குஞ்சுகள் இருக்கும். பிடிப்பவர்கள் மரமேறி, இறகு முளைக்காத குஞ்சுகளைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். இப்படிப் பிடிபட்ட ஒரு பையை நீதிமன்றத் தாழ்வாரத்தில் வனக்காவலர் ஒருவர் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உயிருள்ள குஞ்சுகள் செத்துப்போன குஞ்சுகளின் மேல் ஏறி நின்று, அவற்றுக்கு ஊட்ட யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து, எல்லாமாக வாயைத் திறந்தன. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. சந்தையில் விற்பனைக்கு வந்து சேரும் ஒவ்வொரு கிளிக்கும் பின்னால் வந்து சேராத சில கிளிகள் உண்டு. ‘இது காப்பாற்றியது’ என்ற ஒரு வார்த்தைக்குச் சட்டம் கதவு திறந்தால், பையோடு பிடிபடும் ஒவ்வொருவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். கூண்டில் உள்ள கிளி எந்தப் பொந்திலிருந்து வந்தது என்பதை வனத்துறையால் நிரூபிக்க முடியாது என்பதால்தான், 57-ஆம் பிரிவு நிரூபிக்கும் பொறுப்பை மாற்றி வைத்திருக்கிறது: வன உயிரினம் உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், அது சட்டப்படி வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வழக்கமான குற்ற வழக்குக்கு இது நேர் எதிரானது. கடையில் கொடுத்த ரசீது இருந்தாலும் அது பயன்படாது. விற்றவரும் குற்றவாளி என்பதற்குத்தான் அது சாட்சி.

மீனாட்சியையும் ஆண்டாளையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளி நம் தெய்வங்களின் கையிலும் நம் பாட்டிலும் இருப்பது உண்மை. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடது கையில் உள்ள கிளியை நினைத்துப் பாருங்கள். அது இலைகளால் செய்தது. மாதுளம்பூவை மூக்காக வைத்து நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். அத்தனை பழைய மரபில் ஒரு பறவைகூடக் கூண்டில் இல்லை. கிளி ஜோசியம் பார்ப்பவர்களுக்குக்கூட விலக்கு கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர்ப் பக்கத்தில் ஒரு கிளி ஜோசியரை வனத்துறை பிடித்து, அவருடைய கிளிகளை எடுத்துக்கொண்டு போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

லைசென்ஸ் கிடைக்குமா? வீட்டில் செல்லமாக வளர்க்க இந்தியக் கிளிக்கு உரிமம் தரும் முறை எதுவும் இல்லை. 39-ஆம் பிரிவில் ‘முன் அனுமதி’ என்ற சொல் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, மனு போட்டால் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஏமாறாதீர்கள். முன்பே வைத்திருந்த வன உயிரினங்களை வெளிப்படையாக அறிவிக்க அரசு கடைசியாக 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தது. உங்கள் கிளி அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்த பட்ஜெரிகர் ஆஸ்திரேலியப் பறவை. அதை வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கொனூர், இகுவானா போன்ற வெளிநாட்டு உயிரினங்கள், திருத்தத்துக்குப் பின் உள்ள இன்றைய நான்காம் அட்டவணையில் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இந்திய இனங்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கு அல்ல. எனவே அந்தப் பக்கம் போய் உங்கள் பச்சைக்கிளியைப் பதிவு செய்ய முயல வேண்டாம்.

இப்போது தண்டனையைப் பற்றிப் பேசலாம்; உங்களை இரவு தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. கிளி இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், 51-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அட்டவணைக்குக் குறைந்தபட்ச சிறை என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 54-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற வன அதிகாரி ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு குற்றத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சமரசமாக முடிக்கவும் இடம் உண்டு. அந்தத் தொகைக்கு உச்சவரம்பு ஐந்து லட்சம். உச்சவரம்பு என்பது உங்களிடம் கேட்கப்போகும் தொகை அல்ல, பயப்பட வேண்டாம். கிளியைப் பொறுத்தவரை இது தீர்க்கக்கூடிய சிக்கல்.

ஆமை அப்படியல்ல. நட்சத்திர ஆமை 2022 திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு, அதாவது புலியும் யானையும் இருக்கும் அட்டவணைக்கு, ஏற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2019-இல், வன உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் அதை உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆமைகளைத் துணியில் சுற்றி, பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள்; சென்னை விமான நிலையத்தில் அவை திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கைதான் அந்த வணிகத்தின் மூலதனம். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்ச சிறை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால் 54-ஆம் பிரிவின் சமரசத்துக்கும் இடமில்லை. உங்கள் கணவர் வாங்கியது 2023 ஏப்ரலுக்கு முன் என்றால், அன்று அது கீழ் அட்டவணையில்தான் இருந்தது என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் வாங்கியது ஒரு நாள் செயல், வைத்திருப்பது இன்றும் தொடரும் செயல். அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி நீங்கள் உட்கார்ந்திருப்பதை நான் விரும்பவில்லை. அதோடு, கிளியை உங்கள் மாமனார் கண்டெடுத்தார். ஆமையை உங்கள் கணவர் விலைக்கு வாங்கினார். விசாரிப்பவர் கண்ணில் இந்த வேறுபாடு பெரியது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது என்ன? வனத்துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். துறை நடவடிக்கை எடுக்காவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தாமே நீதிமன்றத்தில் புகார் செய்யும் உரிமையும் 55-ஆம் பிரிவின்படி எந்தத் தனிமனிதருக்கும் உண்டு. அவரோடு சமாதானம் பேசி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். இன்று சாக்கடைக்குப் பேசியவர் நாளை வேலிக்கும் பேசுவார், ஒவ்வொரு முறையும் நீங்கள் பணிந்து போக வேண்டியிருக்கும். அவர் புகார் போவதற்கு முன் நீங்கள் போய்விடுங்கள். நீங்களாக ஒப்படைப்பதற்கும் அவர்கள் வந்து எடுப்பதற்கும் வழக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எப்படிப் போவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் உங்கள் ஊருக்கு அருகில் குற்ற வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு மாவட்ட வன அலுவலருக்கு முகவரியிட்டு, நகலை வனச்சரக அலுவலருக்கும் வைத்து, ஒரு கடிதம் எழுதுங்கள். கிளி எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நிலையில் கிடைத்தது, யார் எடுத்தார், சட்டம் தெரியாமல் இத்தனை காலம் வைத்திருந்தோம், இப்போது தெரிந்ததும் ஒப்படைக்கிறோம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஆமையைப் பற்றிய பகுதியை மட்டும் வழக்கறிஞர் பார்த்த பிறகு எழுதுங்கள். ஏனென்றால் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படக்கூடியது. பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘ரோட்டில் கிடந்தது’ என்று ஒரு கதை கட்டினால் பிறகு அதை நிமிர்த்த முடியாது. சொல்வது உண்மையாக இருக்கட்டும், சொல்லும்போது பக்கத்தில் வழக்கறிஞர் இருக்கட்டும். ஆமையைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே பஸ்ஸில் கிளம்ப வேண்டாம். வழியில் சோதனையில் பிடிபட்டால், ஒப்படைக்கத்தான் போகிறோம் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வனவரை வீட்டுக்கு வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். எடுத்துப்போகும்போதும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

ஒப்படைத்துவிட்டால் வழக்கே வராது என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. 2022 திருத்தத்தில் தாமாக ஒப்படைப்பதற்கென்று ஒரு பிரிவு வந்தது. ஆனால் அது வன உயிரினத்தை வைத்திருக்க அரசு தந்த உரிமைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கானது, உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் மன்னிப்பு என்று ஒரு வரி எழுதப்படவில்லை. இருந்தாலும், வழக்கறிஞர் என்ற முறையில் என் கட்சிக்காரர்களோடு நான் வனச்சரக அலுவலகத்துக்குப் போன சந்தர்ப்பங்களில், தாமாக வந்தவர்களை அதிகாரிகள் குற்றவாளிகளைப் போல நடத்தியதில்லை. வழக்கு என்று வந்தாலுமே, உங்கள் கையில் உள்ள முத்திரையிட்ட அந்த நகல்தான் உங்கள் முதல் ஆவணம்.

மாமியார் சொல்வது போலக் கிளியைத் தோப்பில் விட்டுவிடுவது, ஆமையைக் குளத்தில் விடுவதற்குச் சற்றும் குறைந்த தவறல்ல. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், நான் சொல்வதைக் கேட்பதற்கு முந்தைய நாளே தங்கள் கிளியை ஊருக்கு வெளியே ஓர் ஆலமரத்தடியில் விட்டுவிட்டு வந்திருந்தது. கிளி மரத்தில் ஏறவில்லை. திரும்பி நடந்து வந்து அவர்கள் வண்டியின் சக்கரத்தருகே நின்றது. விரட்டிவிட்டுக் கிளம்பினார்களாம். மறுநாள் போய்ப் பார்த்தபோது இறகுகள்தான் கிடந்தன. மனிதர் கையில் உண்டு பழகிய பறவைக்குப் பருந்தின் நிழல் தெரியாது, இரை தேடத் தெரியாது, மற்றக் கிளிகளின் கூட்டத்தில் சேரவும் தெரியாது. வனத்துறையிடம் போனால் முதலில் கால்நடை மருத்துவர் பார்ப்பார்; நோய் இல்லை என்று தெரிந்த பிறகு பெரிய பறவைக் கூடத்தில் மற்றக் கிளிகளோடு விட்டுப் பறக்கப் பழக்குவார்கள். உங்கள் கிளியின் இறக்கை ஒடிந்து ஆறியது என்பதால் அதனால் முழுமையாகப் பறக்க முடியாமல் போகலாம். அப்படியானால் உயிரியல் பூங்காவின் கூடத்தில் தன் இனத்தோடு வாழும். ஆமையையும் தனியே வைத்துப் பரிசோதித்த பிறகுதான் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். வீட்டில் இருந்த ஆமை சுமந்து வரும் கிருமி, புதரில் உள்ள ஆமைகளுக்குப் பரவக் கூடாது என்பதே காரணம்.

உங்கள் மகளிடம் மறைக்காதீர்கள். பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் கூண்டைக் காலி செய்துவிட்டு, பறந்து போய்விட்டது என்று சொன்னால் அவள் பல மாதங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வனவர் வரும் நேரத்தில் அவளும் வீட்டில் இருக்கட்டும். கிளி எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், எந்த இறக்கை ஒடிந்தது என்பதை உங்கள் வீட்டில் அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இருக்க மாட்டார். அதை ஒரு தாளில் எழுதி அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பறவையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அது உண்மையிலேயே பயன்படும்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். அதுவரை கிளிக்குப் பால்சோறு வேண்டாம். கொய்யா, பச்சை மிளகாய், ஊறவைத்த பயறு, கம்பு கொடுங்கள். பறவைக்குப் பால் செரிக்காது. ஆமைக்குச் சோற்றையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டு அருகம்புல், கீரை, செம்பருத்தி இலை வையுங்கள். காலையில் ஒரு மணி நேரம் வெயில் படும் இடத்தில் விட்டு, ஒதுங்க ஒரு நிழலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அதன் கால் முட்டியளவுக்கு மேல் நிற்காத தட்டில் வையுங்கள்.